பாயின்செட்டியாவுக்குப் போட்ட சீல்

எனக்கு யாராவது ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால் முதலில் அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. கொடுத்தவர்கள் முன்னாலேயே இப்படிச் செய்கிறேன் என்று தலையில் அடித்துக்கொள்வாள். நான் என்ன செய்ய? முப்பது வருஷத்துக்கு மேல் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் ஏறுகிற பெட்டி, இறங்குகிற பெட்டி எல்லாவற்றையும் எண்ணி, கண்டெய்னர் கதவில் தொங்கும் சீல் உடையாமல் இருக்கிறதா, அதன் நம்பரும் தாளில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. அங்கே நம்பிக் கையெழுத்துப் போட்டவன் எல்லாம் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டு அலைந்தான். நான் யாரையும் நம்பவில்லை. நிம்மதியாக ரிட்டயர் ஆனேன்.

அந்தச் செடி என் வீட்டுக்கு வந்தது ஒரு கிறிஸ்மஸ் அன்று. காலைப் பூசை முடிந்து, அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. என் மகள் மாடிப்படி ஏறி வந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகித் திருவொற்றியூரில் இருக்கிறாள். ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் நான்கு மாதமாக அவள் இந்தப் படி ஏறவில்லை, என்னோடு பேசவும் இல்லை. கையில் ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு தொட்டி. தொட்டியில் ஒரு முழ உயரத்துக்குச் செடி, அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சிவப்பாக இலைகள். அதை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத்த வச்சிக்கோ நைனா. தெனிக்கும் தொட்டுப் பாரு, நோண்டிப் பாரு, திருப்பிப் பாரு. நீ சந்தேகப்பட்டா இது கோச்சிக்காது."

தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டாள். நல்ல நாளும் அதுவுமாக என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அந்தச் சிவப்பு இலையைத் தேய்த்துப் பார்த்தேன், சாயம் ஒட்டுகிறதா என்று. ஒட்டவில்லை.

அவள் ஏன் பேசவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் மேலே எழுத முடியாது. என் மருமகன் வியாசர்பாடிப் பையன். சின்ன வயதில் பாக்ஸிங் பழகியவன், மூக்கு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். திருவொற்றியூரில் ஒரு வால்வு பட்டறையில் ஃபிட்டர். இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள், நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் தானாக அவன் முஷ்டிக்குப் போகும். ஒருநாள் மகள் வந்தபோது அவள் முழங்கைக்கு மேலே கன்றிப்போய் இருந்தது. கேட்டதற்கு, தெருவில் இருக்கும் அடிபம்பின் கைப்பிடி எகிறி அடித்துவிட்டது என்றாள். சரி என்றேன். மறுநாள் அவளிடம் இன்னொரு முறை உட்கார்ந்து பேசியிருக்கலாம். நேராக அந்தப் பட்டறை வாசலுக்குப் போய் வாட்ச்மேனைக் கேட்டேன். இந்தப் பையன் குடிப்பானா, கை நீட்டுகிற பழக்கம் உண்டா, வேறு ஏதாவது உண்டா என்று. வாட்ச்மேன் வாய் சும்மா இருக்குமா? ஒரு ஷிப்ட் முடிவதற்குள் பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. பொண்டாட்டியை அடிக்கிறவன் என்று அவனை நான்கு பேர் பார்க்கிற நிலைமை. மகள் போனில் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். "என் வூட்டுக்காரரு இன்னா கண்டெய்னரா நைனா, நீ போய் சீல் செக் பண்றதுக்கு?"

அதற்குப் பிறகுதான் அந்தச் செடி.

பாயின்செட்டியா என்று பெயர் என்றார்கள். எங்கள் மாதா கோயிலில் எல்லாரும் கிறிஸ்மஸ் பூ என்றுதான் சொல்கிறார்கள். அது பூவே இல்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. சிவப்பாக இருப்பதெல்லாம் இலை. உண்மையான பூ நடுவில் மிளகு மிளகாக, மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. பூ மாதிரி நடிக்கிற இலை. என் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடியது. கிள்ளினால் பால் வேறு வந்தது. கீழ் வீட்டில் குடியிருக்கும் அம்மா எட்டிப் பார்த்து, "அய்யோ அண்ணே, வெசச் செடி மாரி கீது, வூட்டுக்குள்ள வச்சிக்கினு கீறீங்களே" என்றார். மகள் எனக்கு விஷச் செடியா கொடுப்பாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கிறிஸ்மஸ் குடிலைப் பிரித்தோம். செடியும் இலையைக் கொட்ட ஆரம்பித்தது. தினம் காலையில் இரண்டு, மூன்று. அழகுக்குச் சுற்றிய ஜிகினாத் தாளுக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகிக்கொண்டிருந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன். மாதவரம் பக்கம் ஒரு நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாரும் கிறிஸ்மஸ் முடிஞ்சா குப்பையில போட்ருவாங்க சார். நீங்க இன்னாத்துக்கு இதுங்கூட மல்லுக்கு நிக்கிறீங்க?"

"எம் பொண்ணு குடுத்தது" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வழி சொன்னார். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். மார்ச்சில் பாதிக்கு மேல் வெட்டு. வெட்டினால் பால் வரும், கையைக் கழுவு, கண்ணைக் கசக்காதே. பெரிய தொட்டிக்கு மாற்று. வெயில் காலத்தில் பச்சை வலையின் கீழ் வை. ஆடி மாதம் வரைக்கும் நுனியைக் கிள்ளிக் கிள்ளி விடு, கிளை பிரியும். எல்லாவற்றையும் செய்தேன். மாவுப்பூச்சி வந்தது. வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்துப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மொட்டைமாடியில் கரித்தூள் படியும். அதையும் துடைத்தேன். என் மனைவி துணி காயப்போட வரும்போது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். பெற்ற பிள்ளையை ஒரு நாளாவது இப்படித் துடைத்திருக்கிறேனா என்று கேட்டாள். நான் அடுத்த இலையைத் துடைத்தேன்.

அந்தக் கோடையில் இன்னொரு காரியமும் செய்தேன், யாரிடமும் சொல்லவில்லை. திருவொற்றியூரில் மகள் இருக்கும் தெருவுக்குப் போனேன். அவள் வீட்டுக்கு இல்லை. முனையில் இருக்கும் அடிபம்புக்கு. சுற்றிலும் பார்த்துவிட்டு கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். நாலாவது அடியில் அது கையை உதறிக்கொண்டு எகிறி என் முழங்கையைப் பதம் பார்த்தது. ஆணி தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. தடவிக்கொண்டே வீடு திரும்பினேன். அவள் சொன்னது உண்மை. நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கேட்கவில்லை. சந்தேகப்படத் தெரிந்த அளவுக்குத் தப்பை ஒப்புக்கொள்ள எனக்குத் தெரியாது. கன்றியது ஆறுகிற வரைக்கும் வீட்டில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அக்டோபரில் மறுபடி நர்சரிக்குப் போனேன். செடி நன்றாகப் புதர் மாதிரி வளர்ந்திருந்தது, ஆனால் முழுக்கப் பச்சை. எப்போது சிவக்கும் என்று கேட்டேன்.

"அதுவா செவக்காது சார். இருட்டு வேணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு பெட்டி போட்டு மூடிடுங்க. காலைல எட்டு மணிக்குத் தொறங்க. நடுவுல துளி வெளிச்சம் படக்கூடாது. ரெண்டு மாசம் பட்டினி போடற மாரி இருட்டுல போட்டாத்தான் செவக்கும்."

இந்த ஆள் என்னை வைத்து விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இருட்டில் வைத்தால் நிறம் வருமா? ஆனாலும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ராயபுரத்தில் இருட்டு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. தெருவிளக்கு மாடிக்கு நேரே வெள்ளையாக அடிக்கிறது. துறைமுகத்து விளக்குகள் வேறு வானத்தையே வெளுத்துவிடுகின்றன. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டி வாங்கி வந்தேன். செடியை ஒரு பலகை மேல் வைத்து, பெட்டியைக் கவிழ்த்து, மழைக்கு மேலே தார்ப்பாய்த் துண்டு போட்டு, பலகையோடு சேர்த்துக் கயிறு கட்டினேன். கட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். யாராவது திறந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

மண்ணடிக்குப் போய் ஒரு கட்டு பிளாஸ்டிக் சீல் வாங்கி வந்தேன். ஒருமுறை இழுத்துப் பூட்டினால் அறுத்துத்தான் எடுக்க முடியும், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். தினம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டியை மூடி, கயிற்று முடிச்சில் சீல் போட்டு, நம்பரைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதினேன். காலையில் எட்டு மணிக்கு நம்பரைச் சரிபார்த்து அறுத்தேன். ஒரு பூச்செடிக்கு. தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேருக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை. கீழ் வீட்டு அம்மாதான் வாய்விட்டுக் கேட்டார். "உள்ள இன்னாண்ணே, நகையா?"

நவம்பர் முழுக்க மழை. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய் சீல் போட்டேன். டிசம்பர் பிறந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கியது. நர்சரிக்காரரின் செடிகள் எல்லாம் சிவந்து வண்டியேறிவிட்டன. என்னுடையது பச்சை. ஒரு நாள்கூட சீல் உடையவில்லை, ஒரு நம்பர்கூட மாறவில்லை, ஆனால் கொழுந்து பச்சையாகவே வருகிறது. போன் போட்டேன். "எங்கியோ வெளிச்சம் பட்டுகினு கீது சார், சந்தேகமே வாணாம்" என்றார் அவர். சந்தேகம் வேண்டாம் என்று என்னிடமா சொல்வது!

அப்போதுதான் துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டு ஞாபகம் வந்தது. கண்டெய்னரில் திருடுகிறவன் சீலைத் தொடவே மாட்டான். கதவுக் கீலின் ஆணியைக் கழற்றிக் கதவையே பெயர்த்தெடுத்து, சரக்கை எடுத்துக்கொண்டு, திரும்பப் பொருத்திவிடுவான். சீல் புத்தம் புதிதாகத் தொங்கும். இந்தக் கதையை நான் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஓடிப்போய்ப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். தினமும் பெட்டியைக் கைப்பிடிச் சுவர் பக்கமாகவே சாய்த்து எடுத்து, அப்படியே கவிழ்த்ததால் நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. மூன்று பக்கம் வெட்டி, ஒரு பக்கம் மடக்கி, ஒரு சதுரக் கதவு. மேலே பழுப்பு டேப். ஒட்டி ஒட்டிப் பிரித்ததில் டேப் தளர்ந்து, தெருவிளக்கு நேராக உள்ளே விழும் அளவுக்கு இடுக்கு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மாடிக்கு வருகிறவர்கள் மூன்றே பேர். நான், என் மனைவி, கருவாடு காயப்போட வரும் கீழ் வீட்டு அம்மா. படியிறங்கிப் போய் அவர் வாசலில் நின்று கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம். அந்த அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"அண்ணே, வயசுக்கு மரியாதை குடுத்து சொம்மா நிக்கிறேன். உங்க செடிய நோண்டிப் பாக்கறதா எனக்கு வேல? நீங்க கோயிலுக்குப் போனதும் தெனிக்கும் ஏழு மணிக்கு உங்க சம்சாரம்தான் மாடில லைட்டப் போட்டுகினு, போன வச்சிக்கினு பேசிகினு கீறாங்க. அவங்களப் போய்க் கேளுங்க. இன்னொரு தபா என் வாசல்ல வந்து கூவுன, நான் பொம்பளையா இருக்க மாட்டேன்."

நான் வாயை மூடிக்கொண்டு மேலே வந்தேன். மனைவி சேமியா வறுத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. கேட்டால் நான் நானில்லையே. தினமும் ஆறரைக்குச் சாயங்காலப் பூசைக்குப் போய், முடிந்ததும் கோயில் வாசல் பெஞ்சில் சிநேகிதர்களோடு உட்கார்ந்து, எட்டு மணிக்குத் திரும்புவது என் வழக்கம். நான் இல்லாத நேரத்தில், மாடியில், யாரோடு பேசுகிறாள்? அறுபதை நெருங்குகிற என் மனைவியைப் பற்றி அன்று மத்தியானம் முழுக்க என்னென்னவோ நினைத்தேன். சாயங்காலம் வழக்கம்போல சீல் போட்டேன், சட்டையை மாற்றினேன், பைபிளை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருமுனை வரைக்கும் போய்விட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். மாடிக்குப் போகும் கடைசித் திருப்பத்தில், படியில் உட்கார்ந்தேன்.

லைட் போடுகிற சத்தம். டேப்பைப் பிரிக்கிற சத்தம். பிறகு என் மகளின் குரல், ஸ்பீக்கரில்.

"காட்டும்மா. நல்லா காட்டு. இன்னிக்கி இன்னா நம்பரு?"

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீல் நம்பரைப் படித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இந்தப் பக்கம் எலை வாடிகீதே. நைனா தண்ணி ஊத்துனாரா?"

"காலைல ஊத்துனாரு. தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு ஊத்துனாரு."

"இருமல் எப்டி கீது?"

"கொறஞ்சிருக்கு."

"அந்தாண்ட திருப்பு, துணிக் கொடிய காட்டு. அந்த நீலச் சட்ட இன்னும் போட்டுகினு கீறாரா? காலரு கிழிஞ்சி போச்சே. ஒன்னு வாங்கி அனுப்பட்டா?"

"நீ அனுப்புனதுன்னு தெரிஞ்சா அடியத் திருப்பிப் பாப்பாரு."

மறுபடி சிரிப்பு. பிறகு மகள் சொன்னாள், "நீ செடிய காட்டு. செடிய பாத்துகினு கீறேன்."

படியில் உட்கார்ந்து நான் அழுதேன். நான் கட்டிக்காத்த பெட்டியைத் தினமும் திறந்துகொண்டிருந்தது என் மகளுக்காக. நான் மன்னிப்புக் கேட்காததால் அவள் ஒளிந்து பார்க்கிறாள். அவள் ஒளிந்து பார்ப்பதால் செடி சிவக்காமல் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வெளிச்சத்தை உள்ளே விட்டது நான்தான். செருப்பைக் கையில் பிடித்தபடியே சத்தம் போடாமல் இறங்கிப் போய், எட்டு மணிக்குப் படியில் காலைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கீழ் வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்பது போல. சாயங்காலம் ஐந்து மணிக்கு மனைவியை மாடிக்குக் கூப்பிட்டேன். பெட்டியின் பின்பக்கக் கதவில் புது டேப் ஒட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சாயங்காலம் வெளிச்சம் பட்டா இது செவக்காது. காலைல எட்டு மணிக்கு நான் பெட்டிய எடுப்பேன். அப்பக் கூப்பிடச் சொல்லு அவள" என்றேன்.

"எதுக்கு?" என்றாள் மனைவி. அவள் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஏதோ வலை விரிக்கிறேன் என்று நினைத்தாள். மகளும் அப்படியேதான் நினைத்தாள். சாயங்காலப் பேச்சு நின்றது, ஆனால் காலையில் போன் வரவில்லை. தினமும் எட்டு மணிக்குப் பெட்டியை எடுத்துவிட்டு, மனைவியின் போனையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எட்டரை வரைக்கும். அது அடிக்காது. மற்றவர்கள் நம்மைச் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். நன்றாகவே இல்லை.

கிறிஸ்மஸ் வந்தது. மருமகனுக்கு ஷிப்ட் என்று மகள் வரவில்லை. குடில் பக்கத்தில் பச்சைச் செடியை வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் இது என்ன கீரையா என்று கேட்டுவிட்டுக் கேக்கை எடுத்துக்கொண்டார்கள். நான் விடவில்லை. கேக் வெட்டிய அன்று சாயங்காலமும் ஐந்து மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். சீல் மட்டும் போடவில்லை. மிச்சமிருந்த கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். பெட்டியை எடுத்தபோது நுனி இலையின் காம்போரத்தில் ஒரு சிவப்புக் கோடு. பூச்சியாக இருக்குமோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பூச்சி இல்லை. மனைவி எனக்குத் தெரியாமல் அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது.

திரையில் மகள். என்னைப் பார்த்ததும், "அம்மா, செடிய காட்டு" என்றாள். நான் தொட்டியைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தேன். செடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னேன்.

"உங்க தெருவுல அந்தப் பம்பு கைப்பிடி ஆட்டம் கண்டிருக்கு. எகிறி அடிக்குது. நான் அடிச்சிப் பாத்தேன்."

"எப்போ?"

"போன கோடைல."

"இத்தினி மாசமா தெரிஞ்சும் சொல்லலியா நைனா?"

"இல்ல."

"என்னாண்ட சொல்லாத. அவராண்ட சொல்லு. எங்க நின்னு கேட்டியோ, அங்க நின்னு சொல்லு." போனை வைத்துவிட்டாள்.

இதற்கு மேல் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். செடி முழுக்கச் சிவக்கட்டும், வெறுங்கையோடு எப்படிப் போவது என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். பயம், வேறொன்றும் இல்லை. சாம்பல் புதன் வந்துவிட்டது. தவக்காலத்தில் எங்கள் கோயில் பீடத்தில் பூவே வைக்க மாட்டார்கள். ஊரெல்லாம் கிறிஸ்மஸை மறந்து உபவாசம் இருக்கும்போது என் மாடியில் அந்தச் செடி தலை முழுக்கச் சிவந்து நின்றது. இனிமேல் சாக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செடி மேல் அதே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, முதல் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குப் பட்டறை வாசலில் போய் இறங்கினேன். அதே வாட்ச்மேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"நீ அன்னிக்கி விசாரிச்சிட்டுப் போன பெருசுதான? இன்னிக்கி யாரப் பத்தி? பெட்டில இன்னா? தொற."

திறந்தேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான், சுற்றி வந்தான், பின்பக்க டேப்பைச் சுரண்டினான். "இன்னா பெருசு, பெட்டிக்கு ஜன்னல்லாம் வச்சிகீற?" அதற்குள் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வர ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சத்தமாகவே சொன்னேன், நாலு பேருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

"அன்னிக்கி நான் கேட்டது தப்புப்பா. எம் மருமகன் கை நீட்டறவன் கெடையாது. அது பம்பு பட்ட காயம். நான் பாத்துட்டேன். அவனப் பத்தி இங்க யாரும் ஒரு வார்த்த தப்பாப் பேசக் கூடாது."

வெளியே வந்தவர்கள் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் அவனும் நின்றிருந்தான், சாப்பாட்டுக் கூடையோடு, சாய்ந்த மூக்கோடு. என் பக்கத்தில் வந்தான். "மன்னிச்சிடுப்பா" என்றேன். அவன் என்னையே பார்த்தான். பார்க்கட்டும் என்று நின்றேன். அவன் கழுத்தில் இருந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டான்.

"வெயில்ல நிக்காதீங்க மாமா. வண்டியில ஏறுங்க."

பைக்கில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தொட்டியைப் பிடித்துக்கொண்டு போனேன். பெட்டியை வாட்ச்மேனிடமே விட்டுவிட்டேன். வழியில் அந்த அடிபம்பைத் தாண்டும்போது அவன் வண்டியை மெதுவாக்கினான். "கார்ப்பரேஷன்ல கம்ப்ளைன்ட் குடுத்து ஆறு மாசம் ஆச்சு, ஆள் இன்னும் வரல" என்றான். நான் அந்த ஆபீசுக்கு வந்து பேசுகிறேன் என்றேன்.

மகள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு செடியைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒரு சிவப்பு இலையை அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என் பக்கத்தில் நின்ற மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் மகள்தான் இவள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சாயம் இல்ல" என்றாள். "உள்ள வா நைனா."